கடலை அறிந்தோரும் கடலை ஆள்வோரும்

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தீவுகளைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது, அவற்றுக்குத் தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டி மகிழ்ந்தனர். நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று. வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்ற பெயரோ, இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் எச்சம் என்பர். இத்தீவுகள் மிதப்பதுபோற் கிடக்கும் விரிகுடாவுங்கூட, 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் ஆளுநராயிருந்த றொபேட் பாக் என்னும் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கிப் பாக்கு விரிகுடா ஆயிற்று. ஆள்வோர் மாற மாறத் தேசப்படத்தில் உள்ள பெயர்களும் மாறின. ஆயினும் அக்கடலின் மேல் வீசும் காற்றுக்கு எவரும் பெயர் மாற்றவில்லை. வாடை வாடையாகவே இருந்தது. சோழகம் சோழகமாகவே இருந்தது. கொண்டலும் கச்சானும் அவ்வாறே இருந்தன. நிலத்தின் பெயரை மேசையிலிருந்தபடியே மாற்றிவிடலாம். காற்றின் பெயரை மாற்றவேண்டுமாயின், அந்தக் காற்றில் பாய் விரித்தவனிடம் அல்லவா போகவேண்டும்?

கடலாட்சி என்னும் சொல் இக்காலத்து அறிஞர் அவைகளிலே பெரிதும் வழங்குகின்றது. கடலின் செல்வம் குன்றாமல், வருந்தலைமுறைக்கும் எஞ்சும்படி அதனைப் பயன்கொள்ளும் முறையை அச்சொல் குறிக்கின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2021 முதல் 2030 வரையுள்ள காலத்தைக் கடல் விஞ்ஞானத்துக்குரிய பத்தாண்டாக அறிவித்துள்ளது. நல்ல முயற்சி, வரவேற்கத்தக்கது. ஆயினும் என் உள்ளத்தில் ஒரு வினா நெடுநாளாக நின்று வருகின்றது. கடலை ஆளும் முறையை வகுப்பதற்குக் கூடுகின்ற அவையிலே, வாடையையும் சோழகத்தையும் உடம்பால் அறிந்தவனுக்கு ஓர் இருக்கை உண்டா? அவன் அறிந்ததை அவைக்கும், அவை அறிந்ததை அவனுக்கும் கொண்டுசெல்ல வழி உண்டா? நம் தீவுப்பகுதிக் கடலை முன்வைத்து இவ்வினாவைச் சிறிது ஆராய்வோம்.

காற்றும் நீரும் கற்பித்தவை

ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றைத் தழுவிக் கிடக்கும் கடல் மிகவும் ஆழங்குறைந்தது. பாக்கு விரிகுடாவில் பதினைந்து மீற்றருக்கு மேல் ஆழமான இடங்களைக் காண்பது அரிது. வெயில் அடிநிலம் வரை இறங்குவதால் அங்கே சாதாழை செழித்து வளர்கின்றது. ஓராவும் ஒட்டியும் அதிலே மேய்கின்றன. இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் அதனுள் ஒளிந்து வளர்கின்றன. ஆவுளியா என்று நம்மவர் வழங்கும் கடற்பசு அதனையே உண்டு உயிர்வாழ்கின்றது. கரையில் ஒதுங்கும் சாதாழையைத் தோட்டத்துக்கும் தென்னைக்கும் பசளையாக்கிய ஊர்கள் இவை. ஆகவே கடலடியிலுள்ள இந்தப் புல்வெளி, கடற்றொழிலாளனுக்கும் கமக்காரனுக்கும் பொதுவான செல்வம் எனலாம்.

இக்கடலில் தொழில் செய்பவன் முதலில் கற்பது காற்றை. எந்தக் காற்று எந்தக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும், எந்தக் கரையை அமைதியாக்கும் என்பதை அறிந்தே அவன் தன் ஆண்டை வகுத்துக்கொள்கின்றான். பருவம் மாறும்போது ஒரு கரையை விட்டு மறு கரைக்குச் சென்று, வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்து மீளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. செங்கை ஆழியான் 1973ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வாடைக்காற்று’ என்னும் நாவல், அவ்வாறு நெடுந்தீவுக் கரைக்கு வந்த தொழிலாளரின் வாழ்வையே பொருளாகக் கொண்டது. அந்நாவலின் பெயரே ஒரு பருவக் குறிப்பாக அமைந்தது தற்செயல் அன்று.

அடுத்து அவன் கற்பது நீரின் ஓட்டத்தை. பறுவத்திலும் அமாவாசையிலும் வற்றும் பெருக்கும் மிகும். அட்டமி நவமியை அண்டி அவை தணியும். வலையை எந்நாளில் எத்திசைக்குக் குறுக்கே விடுவது என்பதை இந்தக் கணக்கே தீர்மானிக்கின்றது. நகரத்தில் இருக்கும் நாம் நல்ல நாள் பார்ப்பதற்கு மட்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டுகின்றோம். கடற்றொழிலாளனுக்கோ அது தொழிற்கருவி.

அறிவு மட்டுமன்று, ஆட்சியும் அவர்களிடத்தில் இருந்தது. கரைவலைக்குப் பாடு என ஒன்றுண்டு. இன்ன கரைப்பகுதியில் இன்னார் வலை வளைக்கலாம். ஒருவர் வளைத்து முடிந்த பின்னரே அடுத்தவர் முறை வரும். களங்கட்டி நடுவோர் வள்ளங்கள் போய்வருவதற்கு வழி விட்டு நடுவர். இவை எந்த வர்த்தமானியிலும் வெளிவந்த விதிகள் அல்ல. சண்டையும் சமாதானமுமாகத் தலைமுறை தலைமுறையாகத் திருந்திவந்த எழுதாச் சட்டங்கள். சட்டம் என்பது கச்சேரியிலிருந்து வருவது என்று எண்ணிப் பழகிய நமக்கு, கரையிலிருந்து எழுந்த இந்தச் சட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நெடுந்தீவில் கேட்டது

குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குச் சென்றிருந்த ஒரு சமயம், கரையோரத்துப் பூவரசின் கீழே நண்டு வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவருடன் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. எழுபதைத் தாண்டியவர். கண் சுருங்கியிருந்தது; கை மட்டும் ஓயவில்லை.

“அப்பு, கடலுக்கை இடத்தை எப்பிடி அடையாளம் பிடிக்கிறனியள்?” என்று கேட்டேன்.

“இப்ப உள்ள பெடியள் போனிலை பாக்கிறாங்கள், தம்பி. நாங்கள் கரையைப் பாத்துத்தான் பிடிக்கிறது. ஒரு பனையும் ஒரு கோபுரமும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு வரவேணும். மற்றப் பக்கத்திலையும் அப்பிடி ரண்டு அடையாளம். ரண்டு கோடும் சந்திக்கிற இடத்திலைதான் பார் கிடக்கும். என்ரை கொப்பர் காட்டித் தந்தது.”

கேத்திரகணிதம் பயின்ற ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் விளக்குவதை இவர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராமலே பயின்றிருக்கின்றார். நான் மேலும் கேட்டேன்: “கடலைப் பற்றி உங்களிட்டை ஆரும் வந்து விசாரிக்கிறவையோ?”

அவர் வலையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“வருவினம். எத்தினை கிலோ பிடிச்சனீங்கள் எண்டு கேப்பினம், எழுதிக்கொண்டு போவினம். ஏன் குறைஞ்சது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எழுதிக்கொண்டு போனது என்னவாச்செண்டும் ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லேல்லை.”

“ஏன் குறைஞ்சது எண்டு நீங்கள் நினைக்கிறியள்?”

“கீழை நிலத்தை உழுதால் மேலை மீன் எங்கை, தம்பி, நிக்கும்?”

இழுவை வலையைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதப்பட்டுள்ளதை இதனினும் சுருங்கச் சொல்லிவிட முடியுமோ என்பது ஐயமே. கடலடியை வாரிச் செல்லும் வலை சாதாழையைப் பிடுங்குகின்றது. குஞ்சுகளையும் முட்டைகளையும் சேர்த்து அள்ளுகின்றது. வயலில் உழவு விளைச்சலைத் தரும். கடலில் உழவு விளைநிலத்தையே கெடுக்கும்.

அவருடைய பேரன்மார் பிறநாட்டில் இருக்கின்றார்கள். கொப்பர் காட்டித் தந்த பாரை இவர் காட்டித் தர எவரும் இல்லை. தீவுப்பகுதி எங்கும் இதுவே கதை. 1980களின் நடுப்பகுதி முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் கடலுக்குப் போவதே தடையாகவும் ஆபத்தாகவும் இருந்தது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதைத் தீவு மக்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். 1990ஆம் ஆண்டையொட்டித் தீவுப்பகுதியினர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். தகப்பனோடு வள்ளத்தில் ஏறவேண்டிய வயதிலே ஒரு தலைமுறை அகதியாய் அலைந்தது. ஏட்டில் எழுதாத கல்வி ஒரு தலைமுறை இடைவெளியைத் தாங்காது. போரின் இழப்புகளைக் கணக்கிட்டவர்கள் இவ்விழப்பைக் கணக்கில் எழுதவில்லை.

கோடு கிழித்தவர்கள்

இக்கடலைப் பங்கிட்ட வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். 1921ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், சென்னை அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் இலங்கை அரசாங்கத்தின் பிரதிநிதிகளும் கொழும்பிலே கூடி, மீன்பிடியை முன்னிட்டு இக்கடலில் ஓர் எல்லைக்கோட்டை வகுத்தனர். பின்னர் 1974ஆம் ஆண்டிலும் 1976ஆம் ஆண்டிலும் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கைகளால் இன்றைய எல்லை உறுதியாயிற்று. கச்சதீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. நிருவாகத்தில் அது நெடுந்தீவைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் அங்குள்ள அந்தோனியார் கோயில் திருவிழாவுக்கு இருகரை மக்களும் சென்று கூடுகின்றனர். அரசுகள் கோட்டின் இருபுறமும் நின்று பேசுகின்றன. தொழிலாளரோ ஒரே பந்தலின் கீழிருந்து, தம் கரையில் என்ன மீன் படுகின்றது, எது காணாமற் போயிற்று என்று பேசிக்கொள்கின்றனர். அறிவுப் பகிர்வுக்கு இதனினும் பழைய மண்டபம் நம் கடலில் வேறில்லை.

அந்தக் கோடுகளைக் கிழித்த மேசைகளில் எந்தக் கரையின் தொழிலாளனும் இருக்கவில்லை. எல்லை வகுத்தல் அரசுகளின் உரிமை என்பதை மறுக்க முடியாது. ஆயினும் மீன் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் செல்லும், எக்கரையார் எவ்வெப்போது எங்கே தொழில் செய்தனர் என்பவற்றை அறிந்தவர்களை அழைத்துக் கேட்டிருந்தால், பின்னர் விளைந்த துன்பங்களிற் சில தவிர்ந்திருக்கக்கூடும்.

துன்பத்தின் வேர் கோட்டில் மட்டும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் நோர்வே நாட்டின் உதவியோடு கேரளக் கரையில் தொடங்கிய மீன்பிடி அபிவிருத்தித் திட்டமும், அதன்பின் எழுந்த இறால் ஏற்றுமதி வேட்கையும், இழுவைப் படகுகளை இந்தியாவின் தென்கரை எங்கும் பெருகச் செய்தன. திட்டம் தீட்டியவர்களுக்கு நல்ல நோக்கமே இருந்தது. ஆனால் ஆழமற்ற பாக்கு விரிகுடாவின் அடிநிலம் அத்தகைய வலையைத் தாங்குமா என்ற கேள்விக்கு அவர்களின் ஏட்டில் இடமிருக்கவில்லை. போர்க்காலத்தில் நம் கரை வெறிச்சோடிக் கிடந்தபோது, தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இப்பக்கம் வந்து பழகின. 2009இல் போர் முடிந்து நம்மவர் மீண்டும் வலையோடு கடலில் இறங்கியபோது, திங்கள், புதன், சனி என்று நாள் வைத்து வந்த அப்படகுகளால் விடுவலைகள் அறுந்து போயின. கடன்பட்டு வாங்கிய வலையை ஓர் இரவில் இழந்தவர்கள் தீவுப்பகுதியில் எத்தனையோ பேர்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகின்றேன். 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இலங்கைக் கடற்றொழிலாளர் குழுவொன்று தமிழ்நாட்டுக்குச் சென்று, அக்கரைத் தொழிலாளரோடு நேரிற் பேசியது. ஓராண்டுக்குள் இழுவைத் தொழிலை நிறுத்துவது, இடைப்பட்ட காலத்தில் 70 நாட்களுக்கு மட்டும் அனுமதிப்பது என்று சென்னையிலே உடன்பாடு கண்டனர். இராசதந்திரிகள் எட்டமுடியாத நிபந்தனையை, பகைவர் என்று பேசப்பட்ட இரு தொழிலாளர் கூட்டத்தினர் எட்டினர். ஏனெனில் இழுவை வலை கடலடியை என்ன செய்கின்றது என்பதை ஒருவருக்கொருவர் நிரூபிக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இரு திறத்தாரும் அதை அறிந்தேயிருந்தனர். ஆனால் அரசுகள் அவ்வுடன்பாட்டை ஏற்று நடைமுறைப்படுத்தவில்லை. ஓராண்டு கழிந்தது, படகுகள் வந்துகொண்டேயிருந்தன. 2017ஆம் ஆண்டிலே இலங்கைப் பாராளுமன்றம் இழுவை வலைத் தொழிலைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. நம் பக்கத்துத் துறைகளிற் சிலவற்றிலும் இழுவைப் படகுகள் இருந்தமையால், அச்சட்டம் நம்மவரையும் கட்டுப்படுத்துவதே. அறிந்தோர் ஒன்றுகூடி முடிவுசெய்தாலும், ஆள்வோர் செவிசாயாவிடின் பயனில்லை என்பதையே 2010 உணர்த்துகின்றது.

பிறநாடுகள் தரும் பாடம்

கடற்றொழிலாளனின் சொல்லைக் கேளாமையால் வந்த கேட்டுக்குக் கனடா நாட்டு நியூபவுண்லாந்துத் தீவு பெரும் சான்றாகும். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பியருக்கு உணவளித்த கொட் மீன் அத்தீவின் கடலில் மலிந்திருந்தது. 1980களிலே கரையோரச் சிறு தொழிலாளர், மீன் குறைகின்றது, சிறுக்கின்றது என்று முறையிட்டனர். விஞ்ஞானிகளோ ஆழ்கடலில் பெருங்கப்பல்கள் பிடித்த தொகையைப் பெரிதும் நம்பிக் கணக்கிட்டு, மீன் போதியளவு உண்டு என்றனர். எஞ்சிய மீன்கள் ஓரிடத்தில் திரண்டு நின்றதையும், புதிய கருவிகள் அத்திரளைத் தேடிப் பிடித்ததையும் அக்கணக்கு காட்டவில்லை. 1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆந் திகதி கொட் மீன்பிடி முற்றாகத் தடைசெய்யப்பட்டது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தொழிலிழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கென விதித்த தடை முப்பது ஆண்டுகளைத் தாண்டி, 2024ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. கரையோரத்தான் சொன்னதைக் கணக்கில் ஒரு வரியாகவேனும் சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மறுபுறம், கேட்டதனால் விளைந்த நன்மைக்குப் பசுபிக் மாகடலின் பலாவுத் தீவுகளைச் சொல்லலாம். றொபேட் ஜொஹான்னஸ் என்னும் கடலுயிரியல் அறிஞர் அங்குள்ள மீனவரிடம் மாணவராய் அமர்ந்து கற்றார். எந்தப் பிறையில் எந்த மீன் முட்டையிடக் கூடும் என்பதைப் பற்றி, அதுவரை உலக விஞ்ஞான ஏடுகள் அனைத்திலும் பதிவானவற்றினும் இருமடங்குக்கு மேற்பட்ட மீன் வகைகளுக்கு அவர்கள் கணக்குச் சொன்னார்கள். அதனை அவர் 1981இல் நூலாக வெளியிட்டார். பிறையைப் பார்த்து வலைவிடும் நம் தீவு முதியவரிடம் அவ்வாறு அமர்ந்து கற்கும் அறிஞர் எத்தனை பேர் வருவர் என்று என் மனம் ஏங்குகின்றது.

உலகச் சபைகளிலும் மெல்ல மெல்ல இவ்வுண்மை ஏறிவருகின்றது. கடற் சட்டத்துக்கான ஐக்கிய நாடுகளின் மூன்றாம் மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் மறையும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க என்பது நாம் பெருமைப்படத்தக்கது. அம்மாநாடு ஈன்ற சட்டம் நாடுகளின் உரிமையைப் பேசியது. சிறு தொழிலாளரின் உரிமையையும் அறிவையும் விரிவாகப் பேசும் வழிகாட்டி நெறிகளை உணவு விவசாய நிறுவனத்தின் மீன்பிடிக் குழு 2014ஆம் ஆண்டிலே ஏற்றது. அதற்காகப் பல்லாண்டு உழைத்த சென்னையைச் சேர்ந்த சந்திரிகா சர்மா, அவ்வாண்டு மார்ச் மாதம் காணாமற்போன மலேசிய விமானத்தில் பயணஞ் செய்தவர். தம் உழைப்பின் பயனைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

இரண்டும் வேண்டும்

இவ்வாறு சொல்வதால், பழைய அறிவே போதும், விஞ்ஞானம் வேண்டா என்று நான் கூறுவதாக எவரும் கருதற்க. முதியவர் தம் கரையிலிருந்து காணத்தக்கதைக் கண்டார். நண்டின் குஞ்சு நீரோட்டத்தில் எத்துணைத் தொலைவு மிதந்து சென்று வளர்கின்றது என்பதை நுண்காட்டி இன்றி அறிய இயலாது. கடலின் வெப்பம் ஆண்டுக்காண்டு ஏறுவதைக் கருவிகொண்டே அளக்கலாம். பருவக்காற்றே முன்போல் நாள் தவறாமல் வருவதில்லை என்று தொழிலாளரே முறையிடும் இக்காலத்தில், பாட்டன் கணக்கு மட்டும் துணைக்கு வாராது. 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்து நம் வடகரையையும் தாக்கிய புயல், அனுபவம் மிக்கோரையும் விட்டுவைக்கவில்லை. மேலும், டைனமைற்று வெடித்து மீன் பிடித்தவரும் கடற்கரையில் பிறந்தவரே. அறிவு இருந்தால் அறம் தானே வந்துவிடும் என்பது இல்லை.

ஆகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்லும் ஒருவழிப் பாதையாக இது அமையலாகாது. விஞ்ஞானி தன் முடிவைத் துறைக்குக் கொண்டுவந்து தமிழிலே சொல்லவேண்டும்; தொழிலாளன் அதனைத் தன் அனுபவத்தோடு ஒத்துப்பார்த்து, ‘இது சரி, இது எங்கள் கடலில் அவ்வாறன்று’ என்று மறுமொழி சொல்லவேண்டும்; அம்மறுமொழி ஏட்டில் ஏறவேண்டும்.

மற்றொன்றையும் மறத்தல் கூடாது. கடலை அறிந்தவர் என்றவுடன் சம்மாட்டியையும் சங்கத் தலைவரையும் மட்டும் அழைத்துவிட்டுத் திருப்தியடைகின்றோம். சங்கு குளிக்கும் சுழியோடி கடலடியைக் கண்ணாற் கண்டவன். சங்கு எந்த நிலத்தில் வளரும் என்பதை ஏடுகளுக்கு முன் அறிந்தவன். கூலிக்கு வள்ளமேறுபவன், பாடு உடையவன் காணாத பலவற்றைக் காண்கின்றான். விடியற்காலையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண், இவ்வாரம் நண்டு எத்துணை சிறுத்தது, சினை நண்டு எத்தனை வந்தது என்பதைக் கடற்றொழில் உத்தியோகத்தருக்கு முன் அறிகின்றாள். ஆனால் கூட்டத்துக்கு அவளை எவரும் அழைப்பதில்லை. அழைத்தாலும் தேநீர் கொடுக்கவே அழைக்கின்றோம். சாதியின் பெயராலும் தொழிலின் பெயராலும் ஊருக்குள் நாமே சிலரை வாசலில் நிறுத்திவிட்டு, கொழும்பு எம்மை அழைக்கவில்லை என்று முறையிடுதல் பொருந்துமா?

இன்றைய பரீட்சை

இவையெல்லாம் பழங்கதை என்று கருதுவோர் கடலட்டைப் பண்ணைகளை நோக்குவாராக. சீன நாட்டுச் சந்தையில் பெருவிலை பெறும் கடலட்டையை வளர்ப்பதற்காக, அண்மை ஆண்டுகளில் தீவுப்பகுதி உட்பட வடபகுதிக் கரையோரங்களில் ஆழங்குறைந்த கடலை வலையாலும் கம்புகளாலும் அடைத்துப் பண்ணைகள் எழுந்தன. 2022ஆம் ஆண்டு யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் இதனைப் பெருமளவில் நடத்த அமைச்சரவை அனுமதி வழங்கியது. அக்கரையிலோ, இந்திய அரசு 2001ஆம் ஆண்டிலேயே கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்திருந்தது. ஒரே கடலின் ஓர் உயிருக்கு ஒரு கரையில் காவல், மறு கரையில் வேலி.

பண்ணையால் வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் கிடைக்கும் என்பது ஒரு சாரார் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறு பண்ணை வைத்து வாழ்வை நிமிர்த்திய குடும்பங்களும் உண்டு. கரைவலைப் பாட்டை மறிக்கின்றது, வள்ளம் போகும் வழியை அடைக்கின்றது, மீன் குஞ்சு வளரும் சாதாழை நிலத்தைப் பிடிக்கின்றது என்பது மறுசாரார் முறைப்பாடு. பூநகரிப் பகுதியிலுள்ள கிராஞ்சியில் 2022ஆம் ஆண்டு தொழிலாளர் நாட்கணக்காகப் போராட்டம் நடத்தினர். யார் பக்கம் நியாயம் என்பதை ஒவ்வோர் இடத்தையும் பார்த்தே சொல்லவேண்டும். நான் வற்புறுத்துவது வேறொன்று. கம்பு நடுவதற்கு முன், அவ்விடத்தில் எந்த மாதம் எந்த மீன் கூடுகின்றது, யாருடைய பாடு அது, வள்ளம் எவ்வழியே போகின்றது என்று அக்கரையாரை ஒருங்கே இருத்திக் கேட்டு எழுதியிருந்தால், பின்னர் தெருவில் இறங்கவேண்டிய தேவை பல இடங்களில் எழுந்திராது. கேட்பதற்கு ஆகும் செலவு ஒரு பாயும் ஒரு பிற்பகலும். கேளாமைக்கு ஆகும் செலவோ ஊர் இரண்டாவது.

செய்யத்தக்கவை

சட்டத்திலே வழி இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம், மீன்பிடி முகாமைப் பகுதிகளை வகுக்கவும், அப்பகுதித் தொழிலாளரைக் கொண்டு குழு அமைக்கவும் இடமளிக்கின்றது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் உள்ளன. அவற்றின் சமாசங்களும் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் கற்பிக்கப்படுகின்றது. கருவிகள் யாவும் கைவசம் உள்ளன. அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதே எஞ்சியுள்ளது.

முதலாவதாக, ஒவ்வொரு துறையிலும் அவ்வூர்க் கடலின் படம் ஒன்று ஊரவராலேயே வரையப்படுதல் வேண்டும். பார், சாதாழை நிலம், கரைவலைப் பாடு, களங்கட்டி நடும் இடம், வள்ளம் போகும் வழி, ஆவுளியா காணப்பட்ட இடம் ஆகிய அனைத்தும் அவரவர் வழங்கும் பெயரோடு அதிற் குறிக்கப்படவேண்டும். அப்படத்தைப் பாராமல் எந்தப் பண்ணைக்கும், எந்தத் துறைமுக வேலைக்கும் அனுமதி வழங்கலாகாது. அப்படம் ஊரின் உடைமையாக இருக்கட்டும். பாரின் இருப்பிடத்தை அறிந்து பிறர் வந்து வாரிச்செல்ல அது வழிகாட்டிவிடக்கூடாது.

இரண்டாவதாக, ஆராய்ச்சி செய்ய வருபவர் முடிவை ஊருக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதை நியதியாக்கவேண்டும். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நெடுந்தீவில் ஆறு மாதம் கணக்கெடுத்தால், ஏழாம் மாதம் சங்க மண்டபத்தில் நின்று விளங்கும் தமிழிலே ஒரு மணி நேரம் பேசுதல் எவ்வகையில் அரிது? கடற்றொழில் விதிகளும் அவ்வாறே தெளிந்த தமிழில் துறைதோறும் ஒட்டப்படவேண்டும். மொழிபெயர்ப்பின் முறுக்கில் சிக்கிய வாசகத்தைப் படித்துச் சட்டத்தை அறிவது கடலில் ஊசி தேடுவதை ஒக்கும்.

மூன்றாவதாக, தீவுப்பகுதிப் பாடசாலைகளின் பிள்ளைகள், தம் ஊர் முதியோரிடமிருந்து காற்று, நீரோட்டம், மீன், வலை ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதும் பயிற்சியைப் பெறட்டும். ஓர் ஆசிரியரும் ஒரு கொப்பியும் இதற்குப் போதும். இன்று எழுதாவிட்டால் இன்னும் பத்தாண்டில் எழுதச் சொல்ல ஆள் இராது.

நான்காவதாக, 2010இல் நடந்ததுபோல் இருகரைத் தொழிலாளரும் கூடிப்பேசும் வழி நிலையாகத் திறந்திருக்கவேண்டும். அதில் எட்டும் முடிவை அரசுகள் மேசையில் எடுத்து ஆராயவேண்டும். தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் பாக்கு விரிகுடாவின் 448 சதுரக் கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசுவோ எல்லைக்கோட்டை அறியாது. அக்கரையில் காப்பகத்தில் மேய்ந்தது இக்கரையில் வலையில் சிக்குமானால், காப்பகத்தால் என்ன பயன்? அதனைக் கண்ட இடத்தை இருகரைத் தொழிலாளரும் ஒருவருக்கொருவர் சொல்வதே முதற் காவலாகும்.

இவற்றுள் எதுவும் பெரும்பணம் வேண்டுவதன்று. வேண்டுவது ஆள்வோரிடத்தில் சிறிது பணிவும், அறிந்தோரிடத்தில் சிறிது நம்பிக்கையும். நம்பிக்கை தானாக வாராது. ஒருமுறை சொன்னது ஏட்டில் ஏறி, ஏட்டில் ஏறியது விதியாகி, விதி தன் வலையைக் காத்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே தொழிலாளன் அடுத்த முறை வாய் திறப்பான். பாக்கு விரிகுடாவில் எஞ்சியுள்ள சாதாழை நிலத்தை அவன் வாய்திறக்குமுன் இழந்துவிடுவோமா, வாய்திறந்த பின் காப்போமா என்பது நம் கையில் உள்ளது.